கூகுள் பிளே கன்சோல் விமர்சனம்: விளம்பரத்துக்குச் சுமார், டிவைஸ் அறிய அருமை

தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ மொபைல் கேம் செய்பவர்களுக்கு 25 டாலரில் கிடைக்கும் மிகப் பெரிய கருவிப்பெட்டி, பிளே ஸ்டோரில் ஆப்களை வெளியிடும் தளமான கூகுள் பிளே கன்சோல். ஒரே ஒருமுறை கட்டும் பணம், ஆண்டுச் சந்தா கிடையாது. ஆனாலும் பலர் அதை ஃபைலை ஏற்றிவிட்டு வெளியீட்டுப் பொத்தானை அமுக்கும் இடமாகவே வைத்திருக்கிறார்கள். விளம்பரம் என்றால் ரீல் போடுவது, புது போன் என்றால் கடன் வாங்கியாவது ஒன்று வாங்கிச் சோதிப்பது என்று இரண்டும் இரண்டு வேலையாக நடக்கின்றன. கன்சோலில் இரண்டும் ஒரே கணக்குதான். ஒரு மலிவு மாடலில் கேம் அடிக்கடி திடீரென நின்று விழுந்தால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்குக் கேம் கண்ணில் படுவதையே பிளே ஸ்டோர் குறைத்துவிடும். அதன்பிறகு ஐகானுக்கு எவ்வளவு அழகாகச் சாயம் பூசினாலும் பார்க்க ஆள் இருக்காது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். போன் மாடல்களைப் பற்றிய தகவலுக்கு 10க்கு 9. விளம்பரக் கருவிகளுக்கு 5, அதுவும் கொஞ்சம் தாராளமாக.

கணக்கு திறக்கும்போதே வரும் தடை

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், கேமை நேராகப் பொதுவில் விட முடியாது. அழைத்தவர்கள் மட்டும் ஆடும் மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இது 20 பேராக இருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆக்கினார்கள். 'தொடர்ந்து' என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். பத்தாவது நாளில் ஒருவர் சோதனையிலிருந்து விலகி, எண்ணிக்கை 11க்கு இறங்கினால் அந்த 14 நாள் தொடர்ச்சி கெட்டுவிடும். அதனால் 16 முதல் 18 பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு மின்னஞ்சலையும் கையால் ஏற்றாமல் ஒரு கூகுள் குரூப் வைத்து, அதன் முகவரியைச் சோதனைப் பட்டியலில் கொடுத்தால் ஆள் மாற்றுவது எளிது.

'நீ என் கேமில் சேர், நான் உன் கேமில் சேர்கிறேன்' என்று மாற்றிக்கொள்ளும் குழுக்கள் நிறைய இருக்கின்றன. எண்ணிக்கை நிறையும், பயன் இருக்காது. 14 நாள் முடிந்ததும் வரும் விண்ணப்பத்தில் சோதனையாளர்கள் எப்படி ஆடினார்கள், என்ன சொன்னார்கள், அதை வைத்து எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். ஒருமுறைகூடத் திறந்து ஆடாத பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அதற்கு என்ன எழுதுவது? இடையில் இரண்டு அப்டேட்டாவது விட்டு, அவற்றின் குறிப்பில் யார் சொன்ன எந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று பதிவு செய்துகொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு அதுவே பதில்.

நிறுவனக் கணக்குக்கு இந்த 14 நாள் விதி இல்லை. ஆனால் நிறுவனங்களுக்குத் தரும் அடையாள எண்ணான டன்ஸ் எண் வேண்டும். இன்னொன்றையும் யோசித்து முடிவெடுங்கள்: தனிநபர் கணக்கில் பணம் ஈட்டும் கேம் வெளியிட்டால் உங்கள் பெயரும் முழு முகவரியும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி வெளியே போவதை விரும்பாதவர்கள் கணக்கு திறக்கும் முன்பே இதற்கு வழி பார்க்க வேண்டும்.

கடை முகப்பு

தலைப்புக்கு 30 எழுத்து, குறுவிளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4,000. தமிழில் எழுதுவோருக்கு இந்த எண்ணிக்கை ஏமாற்றும். கன்சோல் எண்ணுவது யூனிகோடு குறிகளை. 'விளையாட்டு' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கன்சோலுக்குப் பத்து. உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். எனவே 30 என்பதை நடைமுறையில் 15 முதல் 18 தமிழ் எழுத்தாக எடுத்துக்கொண்டு பெயர் வையுங்கள். தலைப்பில் இமோஜி கூடாது. 'இலவசம்', 'நம்பர் 1', 'இப்போதே டவுன்லோடு செய்க' போன்ற கூவலும் கூடாது. இவற்றைக் காரணம் காட்டியே வெளியீட்டை நிறுத்திவைப்பார்கள்.

ஐகான் 512×512. மேலே வரும் பெரிய படம் 1024×500, ஒளிபுகும் பின்னணி இல்லாமல். ஸ்கிரீன்ஷாட் எட்டு வரை போடலாம். கேம் என்றால் அதில் குறைந்தது மூன்று படங்கள் 1920×1080 படுக்கையாகவோ 1080×1920 நெடுக்கையாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் படங்களோடு காட்டும் பரிந்துரைப் பகுதிகளுக்குக் கேம் தகுதி பெறும். இந்த ஒரு நிபந்தனையைக் கவனிக்காமல் 1280×720 படங்களைப் போட்டுவிட்டு, பரிந்துரையிலிருந்து ஏன் ஆள் வரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. வீடியோ யூட்யூப் லிங்க்காகத்தான் கொடுக்க வேண்டும். அந்த வீடியோவில் விளம்பர வருமானத்தை நிறுத்திவைக்க வேண்டும், வயதுக் கட்டுப்பாடும் இருக்கக் கூடாது. தானாக ஓடுவது முதல் 30 விநாடி மட்டும். முதல் ஐந்து விநாடியை நிறுவன லோகோ சுழல்வதற்குக் கொடுப்பது பெரிய ஸ்டூடியோக்கள் வைத்திருக்கும் கெட்ட பழக்கம், நமக்குக் கட்டுப்படியாகாது. விரல் திரையைத் தொடும் காட்சியிலேயே தொடங்குங்கள்.

முகப்புச் சோதனை என்ற கருவி இருக்கிறது. இப்போதுள்ள ஐகானோடு மூன்று மாற்று ஐகான்கள் வரை வைத்து, பார்ப்பவர்களைப் பிரித்து அனுப்பி, எதற்கு அதிகம் இன்ஸ்டால் வருகிறது என்று காட்டும். கேட்க அருமையாக இருக்கும். சிறு கேமுக்கு அது ஏன் வேலை செய்யாது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். முகப்புக்கு வருபவர்களில் 30 சதவீதம் பேர் இன்ஸ்டால் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புது ஐகான் அதை 31.5 சதவீதமாக்குகிறதா என்று 95 சதவீத நம்பகத்தோடு அறிய, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 15,000 பார்வையாளர்கள் வேண்டும். நாளுக்கு 60 பேர் வரும் கேமுக்கு, ஒரே ஒரு மாற்று ஐகான் என்றாலும், ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் 30ஐ 36 ஆக்கும் மாற்றமா என்று கேட்டால் பக்கத்துக்கு 950 பேர் போதும், ஒரு மாதத்தில் விடை கிடைக்கும். ஆகவே நிறத்தை லேசாக மாற்றிப் பார்க்கும் சோதனையில் நாள்களை வீணாக்க வேண்டாம். முகம் இருக்கும் ஐகான், முகம் இல்லாத ஐகான் என்ற அளவுக்கு வித்தியாசம் உள்ளவற்றை மட்டும் மோதவிடுங்கள். மாற்று ஒன்றே ஒன்று. மூன்று வைத்தால் ஆள் நாலாகப் பிரிந்துபோகும். வெற்றியை அளக்க, இன்ஸ்டால் செய்து வைத்துக்கொண்டவர்கள் என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். ஏமாற்று ஐகானைப் பார்த்து இன்ஸ்டால் செய்து அன்றே அழிப்பவர்களை அது கழித்துவிடும்.

தனி முகப்பு வசதிதான் விளம்பரப் பகுதியில் உண்மையில் பாராட்டத்தக்கது. 50 முகப்புகள் வரை செய்யலாம். நாடு வாரியாக, தேடும் சொல் வாரியாக, தனி லிங்க் வழியாக என்று பிரிக்கலாம். தமிழ்ச் சொல் விளையாட்டு செய்பவர்களுக்கு இது மிகவும் தேவை. முகப்பைத் தமிழில் மொழிபெயர்த்துப் போட்டால் மட்டும் போதாது, போனின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். தமிழில் ஆடுபவர்களில் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் தமிழ் முகப்பு வைத்தால் லக்னோவில் இருப்பவருக்கும் தமிழ் முகப்பே காட்டப்படும், அதுவும் உதவாது. வழி இதுதான்: இயல்பு மொழியாகத் தமிழை வைத்து லிங்க் வழித் தனி முகப்பு ஒன்று செய்து, வாட்ஸ்அப் குழு, யூட்யூப் விளக்கம், சுவரொட்டி கியூஆர் எல்லாவற்றிலும் அந்த லிங்க்கை மட்டும் பயன்படுத்துங்கள். எந்த வழியில் வந்தவர்கள் எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்பதும் தனியாகத் தெரியவரும்.

தேடல் சொல் அறிக்கை ஏமாற்றம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று பார்க்கப் போனால் கேமின் பெயரும் இன்னும் சிலவும் மட்டும் வரும், மிச்சமெல்லாம் 'மற்றவை' என்ற ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கும். சிறு கேமுக்கு மூட்டைதான் பெரிது. முன்பதிவு வசதி பரவாயில்லை. ஒரு நாட்டில் முன்பதிவு தொடங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் கேமை வெளியிட்டாக வேண்டும் என்பதால், மூடிய சோதனை முடிவதற்கு முன் அதைத் தொடாதீர்கள். நிகழ்வு, சலுகை ஆகியவற்றை ஸ்டோரில் காட்டும் வசதி எல்லாக் கணக்குக்கும் திறப்பதில்லை. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

காசு கொடுத்து கூகுள் விளம்பரம் செய்வது பற்றி ஒரே கணக்கு. ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்தால், நாள் செலவு அதைப்போல் 50 மடங்காவது இருக்கட்டும் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. 10 ரூபாய் இலக்கு என்றால் நாளுக்கு 500, மாதத்துக்கு 15,000. உங்கள் கேமுக்குள் காட்டும் ஆயிரம் விளம்பரத்துக்கு 80 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்தால், அந்தப் பத்து ரூபாயைத் திரும்ப எடுக்க ஒவ்வொருவரும் 125 விளம்பரம் பார்க்க வேண்டும். உங்கள் கேமை ஒருவர் சராசரியாக எத்தனை நாள் ஆடுகிறார், நாளுக்கு எத்தனை விளம்பரம் பார்க்கிறார் என்ற இரண்டு எண்ணைப் பெருக்கி 125ஐத் தொடுகிறதா பாருங்கள். தொடவில்லை என்றால் விளம்பரத்துக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் நட்டம்தான்.

வைட்டல்ஸ்: உண்மையான விளம்பரப் பக்கம்

கேம் போன்களில் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தில் இரண்டு எண்கள் உயிர்நாடி. ஆடிக்கொண்டிருக்கும்போது கேம் விழும் கிராஷ் 1.09 சதவீதம், தொட்டும் பதில் சொல்லாமல் உறைந்துபோகும் ஏஎன்ஆர் 0.47 சதவீதம். இதைத் தாண்டினால் ஸ்டோரில் கேம் தெரிவது குறையும். எல்லா மாடலும் சேர்ந்த கணக்கு இது. தனி ஒரு போன் மாடலுக்கு வரம்பு 8 சதவீதம். அதைத் தாண்டினால் அந்த மாடலில் மட்டும் பின்னுக்குத் தள்ளுவார்கள், முகப்பிலேயே எச்சரிக்கை வாசகமும் வரலாம். 2022 இறுதியிலிருந்து இந்த முறைதான். கணக்கு 28 நாள் சராசரி என்பதால் கெட்ட அப்டேட் ஒன்றை மூன்றாம் நாளே சரிசெய்தாலும் அதன் வடு வாரக்கணக்கில் நிற்கும்.

எண்ணிக்கை மொழியில் சொன்னால், நாளுக்கு ஆயிரம் பேர் ஆடும் கேமில் பதினொரு பேருக்கு ஒருமுறை விழுந்தாலே முதல் வரம்பு தாண்டிவிடும். உறைந்துபோவதற்கு ஐந்து பேர் போதும். ஐந்து பேர்! அதனால்தான் சிறு கேம்களில் கிராஷைவிட ஏஎன்ஆர்தான் முதலில் சிவப்பாகும்.

அதன் காரணம் பெரும்பாலும் கேமில் இருக்காது, விளம்பரம் காட்டச் சேர்க்கும் நிரல்தொகுப்பான விளம்பர எஸ்டிகேயில் இருக்கும். முதல் காட்சியிலேயே நான்கு ஐந்து விளம்பர நெட்வொர்க்குகளை ஒன்றாகத் தொடங்கினால், அவற்றில் ஒன்று தொடுதலுக்குப் பதில் சொல்லும் மெயின் த்ரெட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆப்புக்குள் இணையப் பக்கம் காட்டும் வெப்வியூவைத் திறக்கும். நல்ல போனில் அரை விநாடியில் முடியும் வேலை, 3 ஜிபி ரேம் போனில் ஐந்து விநாடியைத் தொட்டு ஏஎன்ஆர் ஆகிறது. சரிசெய்ய: முதல் காட்சி முழுதாக வந்து, ஆடுபவர் முதல் பொத்தானைத் தொட்ட பிறகு எஸ்டிகேயைத் தொடங்குங்கள். நெட்வொர்க் எண்ணிக்கையை இரண்டாகக் குறையுங்கள். கூகுளின் விளம்பர நெட்வொர்க்கான ஆட்மாபில் தொடக்கத்தையும் விளம்பர ஏற்றத்தையும் பின்னணிக்குத் தள்ளும் அமைப்பு இருக்கிறது. எஸ்டிகே பழைய வெர்ஷன் என்றால் ஆப்பின் அமைப்புகளை எழுதும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் நாமே அதை இயக்க வேண்டும்.

கிராஷ் பட்டியலைத் திறந்தால் வெறும் பதினாறடிமான எண்களாகத் தெரிந்தால், குறியீட்டு ஃபைலை ஏற்றவில்லை என்று பொருள். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் பில்டு செய்யும்போதே சிம்பல்ஸ் ஜிப் உருவாக்கும் தேர்வை இயக்கி, அந்த வெர்ஷனின் பக்கத்தில் ஏற்றினால் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று பெயரோடு வரும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனியாக ஏற்ற வேண்டும்; பிந்தி ஏற்றினால் அதற்கு முன் வந்த கிராஷ்கள் எண்ணாகவே கிடக்கும்.

கிராஷ் பட்டியலில் வராத சாவும் உண்டு. ரேம் தீர்ந்ததும் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் கேமைக் கொன்றுவிடும். கேம் தானாக மூடிவிடுகிறது என்று ஒரு நட்சத்திரம் விழும், கிராஷ் பக்கமோ சுத்தமாக இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் கடைசியாக கேம் ஏன் மூடப்பட்டது என்ற காரணத்தைச் சிஸ்டத்திடம் கேட்கலாம். அடுத்த முறை திறக்கும்போது அதைக் கேட்டுப் பதிவு செய்தால் ரேம் சாவு எத்தனை என்று தெரியும். பெரும்பாலும் குற்றவாளி சுருக்காத படங்கள்தான். 2048×2048 படம் சுருக்காமல் இருந்தால் நினைவகத்தில் 16 எம்பி. அதையே ஏஎஸ்டிசி 6×6 என்ற படச் சுருக்க முறையில் வைத்தால் 2 எம்பிக்கும் குறைவு. பத்துப் படம் இருந்தால் வித்தியாசம் 140 எம்பி. 2 ஜிபி போனில் வாழ்வுக்கும் சாவுக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

வேகத்துக்கும் கேம்களுக்கென்று தனி அளவு இருக்கிறது. கேம் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து அளவெடுப்பு தொடங்கும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஃபிரேம்கள் 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் அது மெதுவான ஆட்டம் என்று குறிக்கப்படும், அதாவது விநாடிக்கு 20 ஃபிரேம்கூட வரவில்லை என்று. எந்தச் சிப்பில் இது அதிகம் என்று பிரித்துப் பார்த்தால் அடிமட்டத்தில் ஹீலியோ ஜி35, பி35 போன்றவை வர வாய்ப்பு அதிகம். இரண்டிலும் இருப்பது பவர்விஆர் ஜிஇ8320 என்ற கிராபிக்ஸ். யூனிட்டி தானாக வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, பழைய டிரைவர் உள்ள போன்களில் திரை கறுப்பாவது, நிறம் சிதறுவது எல்லாம் நடக்கும். அப்படித் தெரிந்தால் வரிசையை மாற்றி, பழைய முறையான ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3ஐ முதலில் வைத்துப் பாருங்கள். 2டி கேமுக்கு இழப்பு எதுவும் தெரியாது.

டிவைஸ் கேட்டலாக்

எந்தெந்த மாடலில் கேம் கிடைக்கும் என்று முழுப் பட்டியல் இங்கே இருக்கிறது. ரேம் அளவு, சிப் இரண்டையும் வைத்து விதி போட்டு ஒரு கூட்டத்தையே விலக்கலாம். அளவு மீறி விலக்கிவிடக்கூடிய இடம் இது, கவனம் தேவை. முதலாவது, 2 ஜிபி என்று விற்கும் போன் சிஸ்டத்திடம் கேட்டால் 2,048 எம்பி சொல்லாது, கொஞ்சம் குறைத்தே சொல்லும். வரம்பை 2,048 என்று வைத்தால் 2 ஜிபி போன்களும் சேர்ந்து கழன்றுபோகும். இரண்டாவது, விலக்கிய மாடலில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அப்டேட் போகாது. கோளாறு உள்ள பழைய வெர்ஷனிலேயே அவர்கள் நிற்பார்கள், ஒரு நட்சத்திரத்தையும் அங்கிருந்தே போடுவார்கள். ஆகவே முதலில் சரிசெய்த வெர்ஷனை எல்லோருக்கும் அனுப்பி, அதன் பிறகும் 8 சதவீதம் குறையாத மாடலை மட்டும் விலக்குங்கள்.

சோதனைக்குப் போன் வாங்குவது என்றால் கடையில் புதிதாக வந்ததை வாங்கக் கூடாது. கன்சோலில் ரீச் அண்ட் டிவைசஸ் பக்கத்தைத் திறந்து, உங்கள் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் ரேம், சிப், ஆண்ட்ராய்டு வெர்ஷன் பார்த்து அதன் கீழ்ப்பகுதியிலிருந்து வாங்குங்கள். கிராபிக்ஸ் வகையில் பவர்விஆர் ஒன்று, மாலி ஒன்று, அட்ரினோ ஒன்று, மூன்றும் பழைய போன் கடையில் எடுத்தால் ஒரு நடுத்தரப் புதுப் போனின் விலைகூட ஆகாது. மிச்சத்துக்கு, போன்களை இணையம் வழியாகத் தரும் கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப்: இலவசத் திட்டத்தில் நாளுக்கு 5 சோதனை உண்மையான போனிலும், 10 சோதனை மெய்நிகர் போனிலும் ஓட்டலாம். மடிக்கும் போனுக்கு சாம்சங்கின் ரிமோட் டெஸ்ட் லேப் இருக்கிறது. உண்மையான போனை பிரவுசர் வழியாக இயக்கலாம். தொடுதலின் வேகத்தை அதில் சோதிக்க முடியாது, திரை அமைப்பைப் பார்க்கப் போதும்.

ஃபைலை ஏற்றியதும் தானாக வரும் முன்வெளியீட்டு அறிக்கையைக் கேமுக்கு முழுசாக நம்ப வேண்டாம். அந்த ரோபோ ஆண்ட்ராய்டின் சொந்தப் பொத்தான்களைத்தான் அடையாளம் காணும். கேமின் திரை அதற்கு ஒரே வெறும் படம். கண்ட இடத்தில் தட்டிவிட்டுப் போய்விடும். திறந்ததும் விழுகிறதா என்பதற்கு மட்டும் அதன் பச்சை டிக் செல்லும்.

புதிதாக வரும் போன்கள் கேட்பவை

2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேற்பட்டதையோ குறிவைத்து வரும் புது வெளியீடும் அப்டேட்டும் 16 கேபி நினைவகப் பக்கத்துக்கு (சிஸ்டம் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) ஒத்துப்போக வேண்டும். கேம் எஞ்சினைப் புதுப்பித்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். காடோ 4.5, யூனிட்டி 6இன் பிந்தைய வெர்ஷன்கள் இதைத் தாங்கும்தான். தடுக்கி விழுவது, எஞ்சினோடு சேர்க்கும் துணை நிரலான ப்ளகினில்: மூன்று ஆண்டுக்கு முன் எடுத்துப் போட்ட ஒரு அனலிட்டிக்ஸ் அல்லது வீடியோ ப்ளகின் உள்ளே பழைய நேட்டிவ் லைப்ரரி இருக்கும். கன்சோலின் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரரில் எந்த லைப்ரரி தடுக்கிறது என்று பெயரோடு பார்க்கலாம். மூலநிரல் கையில் இருந்தால், நேட்டிவ் லைப்ரரி உருவாக்கும் கருவியான என்டிகே ஆர்28இல் மறுபடி பில்டு செய்தால் இயல்பாகவே சரியாகும். இல்லாவிட்டால் ப்ளகினை மாற்றுவது தவிர வழியில்லை.

மடிக்கும் போன்களின் சிக்கல் வேறு. கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 வெளித்திரை 2520×1080, நீண்டு ஒல்லி. உள்திரை 2184×1968, ஏறக்குறைய சதுரம். 16:9க்கு வரைந்த 2டி கேமில் கேமராவின் உயரம் நிலையாக இருந்தால் சதுரத்தில் இரு பக்கமும் வெட்டுப்பட்டு, ஓரத்தில் இருக்கும் பொத்தானே காணாமல் போகும். யூனிட்டியில் தீர்வு ஒரு வரி: கேமராவின் ஆர்த்தோகிராபிக் அளவாக (கேமரா காட்டும் உயரத்தில் பாதி), வடிவமைத்த பாதி உயரம், வடிவமைத்த பாதி அகலத்தைத் திரை விகிதத்தால் வகுத்தது, இரண்டில் பெரியதை வையுங்கள். 16×9 அலகுக்கு வரைந்த காட்சி என்றால் 4.5ம், 8ஐ 1.11ஆல் வகுத்த 7.2ம், எனவே 7.2. மேலும் கீழும் கூடுதலாகத் தெரியும் இடத்துக்குப் பின்னணிப் படத்தை நீட்டி வரைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீல வெற்றிடம்தான் தெரியும்.

ஆடும் நடுவில் போனைத் திறந்தால் கேம் முதல் திரைக்குப் போய்விடுகிறது என்ற புகார் வந்தால் மேனிஃபெஸ்ட்டைப் பாருங்கள். திரை அளவு, திரை அமைப்பு, அடர்த்தி, திசை ஆகிய மாற்றங்களை நாமே கையாள்கிறோம் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். எஞ்சின் சரியாகத்தான் எழுதும். பழைய ப்ளகின் ஒன்று தன் மேனிஃபெஸ்ட்டால் அதை மூடிவிட்டிருக்கும். அதே ஃபைலில் ஆப் வகை 'கேம்' என்று இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஆண்ட்ராய்டு 16ஐக் குறிவைக்கும் ஆப்களுக்கு 600 டிபிக்கு (திரை அடர்த்தியைச் சாராத நீள அளவு) மேற்பட்ட பெரிய திரைகளில் 'நெடுக்கை மட்டும்' போன்ற பூட்டு செல்லாது. கேம்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த வகைக் குறி இருந்தால்தான்.

120 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர் கேம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்பார். யூனிட்டி மொபைலில் இயல்பாக 30 ஃபிரேம்தான் தரும், நாம்தான் கூட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு 15 முதல் சிஸ்டமும் கேம்களை இயல்பாக 60இல் நிறுத்துகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். கூட்டியதும் வேறு பூதம் கிளம்பும். நகர்வை நேரத்தால் பெருக்காமல் ஃபிரேமுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் எதிரிகள் இரட்டை வேகத்தில் ஓடிவருவார்கள். யூனிட்டியின் இயற்பியல் கணக்கு விநாடிக்கு 50 முறை என்பதால் பந்து உதறும். பந்தின் இயற்பியல் அமைப்பான ரிஜிட்பாடியில், இடைப்பட்ட நிலைகளை நிரப்பும் இன்டர்பொலேஷனை இயக்கினால் அடங்கும். அமைப்புப் பக்கத்தில் 30, 60, 120 என்று தேர்வு கொடுத்துவிடுவது நல்லது, மே மாத வெயிலில் ஆடுபவர் 30ஐத்தான் தேர்ந்தெடுப்பார்.

டேப்லெட்டைக் கைகழுவி விடாதீர்கள் என்பதற்கு விளம்பரக் காரணமும் உண்டு. 2022 முதல் நட்சத்திர மதிப்பீடு சாதன வகை வாரியாகக் காட்டப்படுகிறது. போனில் 4.5 வாங்கிய கேம் டேப்லெட்டில் 2.9 என்று தெரியலாம். டேப்லெட் ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தனியாக ஏற்றும் இடம் காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள், போன் படத்தை இழுத்துப் போடாமல்.

மதிப்பீடு கேட்கும் சிறு பெட்டியை ஒரு மட்டம் வென்ற உடனே அழைக்கலாம். பொத்தானில் கட்டாதீர்கள். எத்தனை முறை காட்டுவது என்பதைக் கூகுள்தான் முடிவு செய்யும், எனவே பல நேரம் பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே வராது. விமர்சனத்துக்குப் பதில் எழுத 350 எழுத்து. தமிழில் அது நாலு வரி.

ஆப்பிள் பக்கம் எப்படி?

ஆண்டுக்கு 99 டாலர். அதற்கு, சோதனைக்கான டெஸ்ட்ஃபிளைட்டில் 14 நாள் காத்திருப்பு எதுவும் இல்லாமல் 10,000 வெளிச் சோதனையாளர் வரை சேர்க்கலாம். இதில் ஆப்பிள் தெளிவாக முன்னே நிற்கிறது. தேடல் சொற்களுக்கென 100 எழுத்துத் தனிப் பெட்டி இருப்பதும் வசதி. கூகுளில் அப்படிப் பெட்டி இல்லை, விளக்கத்திலேயே சொற்களை இயல்பாக வைக்க வேண்டும். பரிந்துரைப் பகுதியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் 2024 முதல் ஆப்பிளின் கன்சோலான ஆப் ஸ்டோர் கனெக்டிலேயே இருக்கிறது. ஐகான் சோதனையோ கூகுளைவிடச் சிரமம்: மாற்று ஐகான்கள் பில்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், கன்சோல் போல நினைத்தவுடன் ஏற்ற முடியாது. ஐபோனில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஆப்பின் அமைப்பு ஃபைலான இன்ஃபோ பிலிஸ்ட்டில் அதற்கான அனுமதி வரி வேண்டும். மாடல் வாரியாக எங்கே கேம் விழுகிறது என்ற ஆழமான தகவலில் ஆப்பிள் பிளே கன்சோலுக்குப் பக்கத்தில்கூட வராது. மாடல்கள் குறைவு என்பதால் அவ்வளவு தேவையும் இல்லை.

அப்டேட் விடும்போது

நிர்வகிக்கப்பட்ட வெளியீடு என்ற தேர்வை இயக்கிவையுங்கள். கூகுளின் பரிசீலனை சில மணி நேரத்திலும் முடியும், ஒரு வாரமும் இழுக்கும். இயக்கியிருந்தால் ஒப்புதல் வந்த பிறகும் நீங்கள் அமுக்கும்வரை காத்திருக்கும். வீடியோவும் கேமும் ஒரே நாளில் வரும்.

படிப்படியாக வெளியிடும் வசதி அப்டேட்டுக்கு மட்டும்தான், முதல் வெளியீட்டுக்கு இல்லை. எல்லோரும் சொல்வதுபோல் 5 சதவீதத்தில் தொடங்கினால், ஆயிரம் பேர் ஆடும் கேமில் அது ஐம்பது பேர், வைட்டல்ஸில் ஒன்றும் தெரியாது. 20இல் தொடங்கி இரண்டு மூன்று நாள் பாருங்கள். நிறுத்தினால் புதிதாகப் போவது நிற்கும், ஏற்கெனவே வாங்கியவர்கள் போனில் கெட்ட வெர்ஷன் அப்படியே இருக்கும். பழையதற்குத் திரும்பும் பொத்தான் கன்சோலில் இல்லை. அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன், முந்தைய நல்ல வெர்ஷனின் நிரலை அப்படியே எடுத்து, வெர்ஷன் கோடு எண்ணை மட்டும் புதியதைவிட ஒன்று கூட்டிப் பில்டு செய்து தயாராக வைத்திருங்கள். சேமிப்பு ஃபைலின் அமைப்பைப் புது வெர்ஷன் மாற்றியிருந்தால் அந்தப் பழைய நிரல் அதைப் படிக்கிறதா என்பதையும் அப்போதே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.